கிருமியின் மேல் போட்ட பழி

போன வாரம் நான் பரிசோதனைக்கூடத்துக்கு வந்தபோது நீங்கள் இரண்டு பேர் மேஜையோரம் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரு கிருமி மருந்துக்கு மசிகிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க, தட்டில் மருந்து வில்லையை வைத்துச் சுற்றி விழும் வட்டத்தை அளப்பது மேலா, குழாய் குழாயாக மருந்தைக் குறைத்துக்கொண்டே போய்ப் பார்ப்பது மேலா என்று. கிழவி வந்திருக்கிறாள், கேட்டுவிடுவோம் என்று என் பக்கம் திரும்பினீர்கள். நான் பதில் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நடையைக் கட்டினேன். வேலையை விட்டதும் அம்மாவுக்குத் தொழிலும் விட்டுப்போய்விட்டது என்று பேசியிருப்பீர்கள். விட்டுப்போகவில்லை. அது நின்றுகொண்டே சொல்லக்கூடிய பதில் இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்தில் நான் தாதி வேலை பழகிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்கார டாக்டர்களைப் பிடித்துச் சிறையில் போட்டாகிவிட்டது. பரிசோதனை வேலை தெரிந்த ஆண்களில் சிலர் ஓடிப்போனார்கள், சிலரைச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். மைக்ராஸ்கோப்பைத் துடைத்து வைக்கத் தெரிந்த என்னையே அதன் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

எங்கள் ஊரில் காஜா பெராங் என்ற பகுதியில் ஒரு பங்களாவை ராணுவம் எடுத்துக்கொண்டு அதில் சிகிச்சைக்கூடம் வைத்திருந்தது. யாருக்கு என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. சிப்பாய்களுக்காகப் பெண்களை அடைத்து வைத்திருந்த ஒரு வீடு பக்கத்துத் தெருவில் இருந்தது. அந்தப் பெண்களை வாரத்துக்கு ஒருமுறை எங்களிடம் பரிசோதனைக்குக் கூட்டி வருவார்கள். அவர்கள் நலத்துக்காக இல்லை. அவர்களிடமிருந்து சிப்பாய்களுக்கு வெட்டை நோய் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அந்த நோயை அவர்களுக்குக் கொண்டுவந்து கொடுத்ததே சிப்பாய்கள்தான் என்பதை யாரும் பேசுவதில்லை.

அங்கே நாங்கள் மூன்று பேர். ஒருவர் டாக்டர், தமிழர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் போட்ட பிச்சை. பெயர் சொல்ல மாட்டேன், இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டால் காரணம் புரியும். இன்னொருவர் மருந்து கொடுக்கும் பாங் நாராயணன். 'பாங்' என்றால் மலாயில் அண்ணன். கம்போங் செட்டிக்காரர், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசியே வாழும் நம்மவர்கள் குடியிருக்கும் இடம் அது. நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது சாமி பெயர்களும் சில சொந்தமுறைப் பெயர்களும்தான்.

"கோயில்ல சாமிகிட்ட எந்த பாஷையில வேண்டிக்குவீங்க?" என்று அவரைச் சீண்டுவேன், அவருடைய மலாயிலேயே.

"சாமிக்கு மலாய் நல்லாத் தெரியும், மிஸ்ஸி. உங்களுக்குத்தான் இன்னும் சரியா வரல லா" என்பார். தாதிகளை அப்போது எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

பென்சிலின் எல்லாம் சண்டை முடிந்த பிறகு வந்தது. அன்றைக்கு இருந்தது சல்ஃபா மாத்திரை ஒன்றுதான். அதையும் ராணுவம் அந்தப் பெண்களுக்கு மட்டும் அளந்து கொடுக்கும். ஊருக்குள்ளேயோ பிரசவ ஜுரத்திலும் நிமோனியாவிலும் ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மரவள்ளிக் கிழங்கையே தின்று கிடந்த உடம்பில் நோயை எதிர்க்கத் தெம்பு ஏது. டாக்டர் ஒரு முடிவு செய்தார். பெண்களுக்கு முழு மாத்திரைக்குப் பதில் பாதி. மறு பாதி பாங் நாராயணனின் சட்டைப் பையில் ஊருக்குள் போகும். ஒருத்தரிடமும் அவர் காசு வாங்கியதில்லை. அந்தப் பாதியில் பிழைத்த தாய்மார்களை நான் பிற்காலத்தில் கடைத்தெருவில் பார்த்திருக்கிறேன், பேரப்பிள்ளைகளோடு. ஆகவே டாக்டரைத் திட்ட அவசரப்படாதீர்கள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. "பாதியே போதும், தனம். சீழ் நிக்குது, வலி போகுது, பாத்தியா" என்பார் டாக்டர். கண்ணால் பார்ப்பது ஒரு முறை, அது சரியாகிவிட்டது என்றது. கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது இன்னொரு முறை. கிருமி கொஞ்சமாக இருந்தால் அதில் சிக்காது, ஆகவே அதுவும் சரியாகிவிட்டது என்றது. சிப்பாய்கள்தான் மூன்றாவது முறை. அவர்கள் மட்டும் விடாமல் நோயோடு போய் ஜப்பான்கார ராணுவ டாக்டர் முன்னால் நின்றார்கள். கொஞ்ச நாளில் என் சில்லிலும் கிருமி கூட்டம் கூட்டமாகத் தெரிய ஆரம்பித்தது. அரைக் கிணறு தாண்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதி மருந்தில் செத்த கிருமி செத்தது, சாகாமல் தப்பியது மருந்தைப் பழகிக்கொண்டு பெருகிவிட்டது.

அந்த ராணுவ டாக்டர் ஒருநாள் காலையில் நேரே வந்தார். அவரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், நல்ல டாக்டர். கை கழுவுகிற விதத்திலேயே தெரியும். எங்கள் டாக்டரிடம் ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல் பேசினார்.

"மாத்திரை நல்ல மாத்திரை. எங்கள் ஆட்களின் காயங்களில் வேலை செய்கிறது. இங்கே செய்யவில்லை. ஒன்று, இந்தப் பெண்கள் விழுங்காமல் விற்கிறார்கள். இல்லையென்றால் உங்கள் ஆள் திருடிவிட்டு மாவைக் கொடுக்கிறான். எது என்று நான் தெரிந்துகொள்கிறேன்."

தெரிந்துகொள்ளும் வழியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். இரண்டு சிப்பாய்கள் மருந்தறைக்குள் போய் பாங் நாராயணனை வெளியே இழுத்து வந்தார்கள். திருடியதாகப் பிடிபட்டவர்களின் தலையை வெட்டி மூங்கிலில் குத்தி வைத்ததை ஊரே பார்த்திருந்த காலம் அது. என்னைக் கடக்கும்போது, "குவா தாக் சூரி, மிஸ்ஸி" என்றார். நான் திருடவில்லை என்றார். டாக்டரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் காட்டிக்கொடுத்தது போல் ஆகிவிடும் என்று பயந்திருக்கிறார்.

அவர்கள் போனதும் டாக்டர் கதவைச் சாத்தினார். 

"நான்தான் பாதியாக்கச் சொன்னேன்னு போய் நின்னா?" என்றார், என்னிடம் கேட்பது போல.

"ரெண்டு பேரும் போயிடுவீங்க, டாக்டர்."

மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்து மூடினார். பிறகு, "இந்தா பாரு, தனம். நோய் போகாததுக்கு மூணு காரணம் சொல்லலாம். பொண்ணுங்க முழுங்கல. நாராயணன் எடுத்துட்டான். இல்லன்னா கிருமியே மாறிப் போச்சு. முதல் ரெண்டுல எதச் சொன்னாலும் யாரோ ஒருத்தர் கழுத்து போகும். கிருமிக்குக் கழுத்து கிடையாது. பழிய அது மேல போடுவோம்" என்றார்.

"அது பொய்யா, டாக்டர்?"

"பொய்யா நெசமான்னு எனக்கே தெரியல. அதத்தான் நாம பாக்கப் போறோம்."

அவர் ராணுவ டாக்டரிடம் போய் நேருக்கு நேர் பேசினார். பெண்கள் உங்கள் கண் முன்னால், உங்கள் கையால் முழு மாத்திரை விழுங்கட்டும். மருந்து உடம்புக்குள் போனதா என்று பார்ப்போம். போன பிறகும் கிருமி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்போம். அதே கிருமியை வெளியே எடுத்து மருந்தோடு விட்டும் பார்ப்போம். அதுவரைக்கும் அந்த மனிதரைத் தொடாதீர்கள். ராணுவ டாக்டருக்கு ஆர்வம் வந்துவிட்டது, எங்களுக்கு அது அதிர்ஷ்டமாகப் பட்டது. சரி என்றார். தொடாதீர்கள் என்பதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

மருந்து உடம்புக்குள் போனதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. மட்டமான செய்தித்தாளில் ஒரு சொட்டுச் சிறுநீர், அதன் மேல் ஒரு சொட்டு ஆசிட். சல்ஃபா இருந்தால் காகிதம் ஆரஞ்சு நிறமாகும். இதில் என்ன சிரமம் என்பீர்கள். அந்தக் காலத்துச் செய்தித்தாளைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள். பக்கத்துக்குப் பக்கம் உதயசூரியக் கொடியும் பெரிய மனிதர்கள் படமும். அதன் மேல் சிறுநீரை விட்டேன் என்றால் பாங் நாராயணனுக்கு முன்னால் என் கழுத்து போயிருக்கும். எழுத்தில்லாத ஓரத்தை மட்டும் கத்தரித்துக் கத்தரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து எடுத்தேன். ராணுவ டாக்டர் பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொரு துண்டாக ஆரஞ்சு நிறம் ஏறிற்று. பெண்கள் விழுங்குகிறார்கள், மாத்திரையும் மாத்திரைதான். அதே பெண்களில் பலரின் சில்லில் கிருமி குறையவே இல்லை.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். எங்கள் டாக்டர் நிறுத்தவில்லை. "இது போதாது. மருந்து சேர வேண்டிய இடத்துக்குச் சேரலன்னு சொல்லிட்டா? தட்டுல வளத்துக் காட்டணும்" என்றார்.

தட்டில் கிருமி வளர அகார், அதுதான் கடற்பாசிக் கூழ், வேண்டும். கடையில் உப்பே கிடைக்காத காலத்தில் அகாருக்கு எங்கே போவது. பாங் நாராயணனின் மனைவி, விசேஷத்துக்குப் பலகாரம் செய்ய எடுத்து வைத்திருந்த அகார்-அகார் கீற்றுகளைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். அக்கம்பக்கத்து வீடுகளிலும் கேட்டு வாங்கியிருந்தார்.

"இதுல என்ன செய்வீங்க, மிஸ்ஸி?" என்று மலாயில் கேட்டார்.

"கிருமி வளக்கணும், காக்கா." காக்கா என்றால் அக்கா.

"அத வச்சு அவர வெளிய எடுத்துடுவீங்களா?"

எடுப்போம் என்றேன். வேறு என்ன சொல்ல. கிருமிக்குத் தீனியாக அகாரில் கலந்த ரத்தம் என் கையிலிருந்து எடுத்தது. தட்டுகளைப் பிஸ்கட் டின்னில் வைத்து, உள்ளே மெழுகுவத்தியை ஏற்றி மூடினோம், காற்றுக் குறைந்தால்தான் அந்தக் கிருமிக்குப் பிடிக்கும். மருந்து கலந்த தட்டில் அந்தப் பெண்களில் ஒருத்தியான சுமியின் கிருமி பொலபொலவென்று வளர்ந்திருந்ததைப் பார்த்ததும் நான் குதித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். பாங் நாராயணன் பிழைத்தார் என்று.

டாக்டர் தட்டைப் பார்க்கக்கூட இல்லை. "மருந்தையே பாக்காத கிருமியும் இந்தத் தட்டுல இதே மாதிரி வளந்தா என்ன சொல்லுவ?" என்றார். "நீ போட்ட இறைச்சிச் சாறே மருந்த மழுங்க அடிச்சிருக்கலாம். அவனக் காப்பாத்தணும்ங்கிற ஆசையோட தட்டப் பாக்காத. தட்டு ஆசைக்கேத்த மாதிரிதான் தெரியும்."

புக்கிட் பாருவில் ஒரு மாட்டு வண்டிக்காரருக்கு அதே நோய் இருந்தது, பிறந்ததிலிருந்து சல்ஃபாவைக் கண்ணால் கண்டிராத மனிதர். அவரிடமும் எடுத்து வந்து திரும்பச் செய்தோம். வண்டிக்காரரின் கிருமி மருந்துத் தட்டில் முளைக்கவே இல்லை. பெண்களில் பாதிப் பேருடையது அதே போல் மடிந்தது. மீதிப் பேருடையது தட்டு முழுக்கப் படர்ந்தது, சுமியுடையது எல்லாவற்றையும்விட அதிகமாக.

சுமியைப் பற்றிச் சொல்லவில்லையே. ஜாவாக்காரப் பெண், என்னைவிடச் சின்னவள். தாதி வேலை கற்றுக்கொடுக்கிறோம் என்று சொல்லித்தான் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். ஒருநாள் நானும் பார்க்கட்டுமா என்று கேட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். "இவ்வளவு சின்னதா இருக்கு. இதுக்கா எங்கள அடிக்கிறாங்க, மிஸ்ஸி?" என்றாள். மற்றப் பெண்களை மாத்திரை விழுங்க வைத்தது, சிறுநீர் கொடுக்க வைத்தது எல்லாம் அவள்தான். அந்தச் சோதனை நாட்களில் அவர்களைச் சிப்பாய்கள் யாரும் தொடவில்லை. கிருமி இருப்பவர்களுக்கு ஓய்வு என்பது அங்கே விதி. சுமி பகலெல்லாம் தூங்கினாள். முகத்தில் கொஞ்சம் களை வந்திருந்தது.

முடிவை டாக்டர் ராணுவ டாக்டரிடம் விளக்கினார். அவர் தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார், வண்டிக்காரரின் தட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கேள்விகள் கேட்டார், எல்லாம் சரியான கேள்விகள். மருந்துக்கு ஏன் பழகிற்று என்று மட்டும் கேட்கவில்லை. கடைசியில் எங்கள் இரண்டு பேருக்கும் இடுப்பை வளைத்து வணங்கினார். அன்று சாயந்திரமே பாங் நாராயணனை வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன, சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. மனைவி போட்டுவிட்டார். டாக்டர் அவர் முன்னால் போய் நின்று அழுதார். "ஸுடா லா, டாக்டர்" என்றார் பாங் நாராயணன். போதும், விடுங்கள் என்று. அவர் ஒரு வார்த்தை வாய் திறக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும், அவர்கள் எப்படியெல்லாம் கேட்டிருப்பார்கள் என்பதும் தெரியும்.

இப்போது உங்கள் சண்டைக்கு வருகிறேன். காகிதத் துண்டு, மருந்து உள்ளே போயிற்று என்று மட்டும் சொல்லும். சில்லு, கிருமி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். தட்டு, அது மருந்துக்கு மசியாது என்று சொல்லும், அதுவும் பக்கத்தில் ஒப்பிட ஒரு வண்டிக்காரர் இருந்தால்தான். ஒன்றை மட்டும் நம்பினால் பழி ஏதாவது ஒரு தவறான கழுத்தில் போய் விழும். வட்டமோ குழாயோ, ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்குப் பதில் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். இது பாதிப் பதில். டாக்டரும் நானும் அன்றைக்கு இதையே முழுப் பதில் என்று நம்பினோம். எங்கள் முடிவில் ஒரு பிழை கிடையாது, இன்றைக்கு நீங்கள் திரும்பச் செய்தாலும் அதுவேதான் வரும். பதிலின் மறுபாதி, அந்த முடிவை யார் கையில் கொடுக்கிறோம், கிருமியை வைத்திருக்கிறவர்களை அவர் என்ன செய்வார் என்பது. அதை நாங்கள் கேட்கவே இல்லை. இதை எழுதிவிட்டு உங்களைப் பார்த்து அழப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். அழுதால் பாடம் கண்ணீரில் போய்விடும். மிச்சத்தையும் கேளுங்கள்.

மறுநாள் காலையில் லாரி வந்தது. பெண்களை முற்றத்தில் வரிசையாக நிற்கச் சொன்னார்கள். ராணுவ டாக்டர் உள்ளே வந்து, கிருமி படர்ந்த தட்டுகளை மட்டும் தனியே எடுத்து அடுக்கிக்கொண்டு போனார். தட்டுகள் ஒன்றோடொன்று மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொரு தட்டின் அடியிலும் அவரவர் பெயரை நான்தான் மெழுகுப் பென்சிலால் எழுதியிருந்தேன், ஆங்கில எழுத்தில், தெளிவாக. அவர் ஒவ்வொரு தட்டாகத் திருப்பி, பெயரைப் படித்தார். மலாய்ப் பெயர்களும் சீனப் பெயர்களும் அவர் நாக்கில் புரளவில்லை, இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. பெயர் வந்தவர்கள் ஒவ்வொருவராக வரிசையை விட்டு வெளியே வந்தார்கள்.

டாக்டர் ஓடிப்போய், "எங்கே கொண்டுபோகிறீர்கள்?" என்று கேட்டார்.

"வேறு ஆஸ்பத்திரிக்கு. மருந்து வேலை செய்யாதவர்களை இங்கே வைத்திருக்க முடியாது. நீங்கள் கண்டுபிடித்தது மிகவும் உபயோகமானது" என்றார் அவர், மரியாதையாக.

அப்படி ஒரு ஆஸ்பத்திரி எங்கேயும் இல்லை என்று டாக்டருக்குத் தெரியும். சண்டை முடிந்த பிறகும் அவர் போய்த் தேடாத இடமில்லை. அன்றைக்கு அவர் முற்றத்து நடுவில், நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றார். மருந்தறை ஜன்னலில் பாங் நாராயணன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசித் தட்டு சுமியுடையது. அந்த ஒரு பெயரை மட்டும் ராணுவ டாக்டர் தடுமாறாமல் சொன்னார், அவர்கள் ஊரிலும் பெண்களுக்கு அப்படிப் பெயர் உண்டாம். சுமி துணி மூட்டையோடு என்னைக் கடந்து போனவள், ஒரு நிமிஷம் நின்று என் கையைப் பிடித்தாள். கிருமி இருக்கிறது என்று சொல்லி அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஓய்வு வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"தெரிமா காசி, மிஸ்ஸி. நன்றி. என் பேரையும் எழுதினீங்களே" என்றாள்.